சீசனுக்குப் போய்வந்தோம்

எங்கள் கிளையில் வேலைபார்க்கும் அதிகாரி ஒருவர் தன் மனைவியோடு ஸ்பெயினுக்குப் போய்வந்தார். பார்சிலோனா. கடற்கரை ஊர். வந்த மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கைப்பேசியை எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். மணலில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சந்துக்குள் நடக்கிறார்கள். காபிக் கடையில் சும்மா இருக்கிறார்கள். எல்லாரும் பார்த்தோம், சந்தோசப்பட்டோம். எதுக்குப் போனீங்க என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த மாசம் நானும் என் மனைவியும் மூன்று நாள் குற்றாலத்துக்குப் போய்வந்தோம். திரும்பி வந்ததும் இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார்: "என்ன தோழர், சீசனுக்கெல்லாம் கெளம்பிட்டீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஒரு கணக்குக் கேட்பு இருந்தது. அந்தக் கணக்கை ஒப்படைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் வங்கி எழுத்தர். இட ஒதுக்கீட்டில் வந்தவன். ஊர்ப்பயணத்துக்கு எங்களுக்கு எல்.எஃப்.சி. உண்டு. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு களையெடுக்கிற பெண்ணுக்கு அது கிடையாது. 'உனக்கு வாய்ச்சிருக்கு, போற' என்று அவர் சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் தோழர் அதைச் சொல்லவில்லை. நம்மாட்கள் பயணம் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்கிறார். மாநாட்டுக்குப் போகலாம், வழக்குக்குப் போகலாம், துட்டிக்குப் போகலாம், அடிபட்டுக் கிடப்பவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது. சும்மா இருப்பது சாதி இந்துவின் சொத்து என்று நாமே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோமா?

என் ஊர் தென்காசிக்குக் கிழக்கே. வரப்பில் நின்றால் மேற்கே மலை தெரியும். ஆனி, ஆடியில் அந்த மலையிலிருந்து வருகிற சாரல் எங்கள் வயல்வரைக்கும் விழும். என் அம்மா அந்தச் சாரலில் நனைந்துகொண்டே நாற்று நட்டவள். சாரல் விழுந்தால் குற்றாலத்தில் தண்ணி விழுகிறது என்று அர்த்தம். மெட்ராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் எங்கள் ஊர் விலக்கைத் தாண்டிப் போகும். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வாள். அவளுக்கு இன்றைக்கு அறுபது வயதுக்கு மேலே. ஒரே ஒரு தடவை குற்றாலம் போயிருக்கிறாள், பண்ணையார் வீட்டு விசேசத்துக்குப் பாத்திரம் கழுவ. "அருவி பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

இப்போது எங்கள் மூன்று நாளைச் சொல்கிறேன்.

போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை காலை. முதலில் ஏறிய விடுதியில், ரூம் இருக்கு என்றுதான் சொன்னார்கள். வாடகை பேசியாயிற்று. ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கினார் மேசையில் இருந்தவர். என் விலாசத்தில் அம்பேத்கர் காலனி என்று இருக்கிறது. அதைப் படித்தார். "தென்காசிப் பக்கமா? எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "சார், அந்த ரூமு நேத்தே புக்காயிட்டாம். நான் கவனிக்கல" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். சார் என்றுதான் சொன்னார்.

சீசன் சமயம், சனிக்கிழமை. அறை உண்மையிலேயே நிரம்பியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை. தோழர்களே, இன்றைய தீண்டாமை பாதி இந்த இடத்தில்தான் குடியிருக்கிறது. அந்தக் காலத்தில் வாசலிலேயே "நில்லுல" என்றார்கள். இப்போது "புக்காயிட்டு சார்" என்கிறார்கள். அன்று அவமானம் உறுதியாக இருந்தது, கோபமும் உறுதியாக வந்தது. இன்று சந்தேகம்தான் மிச்சம். அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டியது நாம்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் கேள்வி நின்றுவிடுமா? "ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு ஆதார் அட்டை வேண்டியதில்லையே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போலீசில் எழுதிக் கொடுக்கலாம், சங்கத்துத் தோழருக்குப் போன் போடலாம் என்று ரோட்டிலேயே நின்றேன். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "நமக்கு இருக்கது மூணு நாளு. அதுல ஒரு நாள அவனுக்குக் குடுக்கணுமா? வாங்க, வேற பாப்போம்."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. சமரசம் என்று நினைத்தேன். மூன்றாவதாக ஏறிய இடத்தில் அட்டையை வாங்கினார்கள், நகல் எடுத்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம்வரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த விடுதிக்காரன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அறையை மட்டுமல்ல. அந்தப் பகலையும் எடுத்துக்கொண்டான். அவள் சொன்னது எனக்கு ராத்திரிதான் புரிந்தது.

பயணத்துக்கும் நமக்கும் உள்ள இந்தப் பகை பழையது. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைச் சம்பவங்களை எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு, 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. பெயரே பயணிக்குரியதுதான். அதில் வரும் முதல் சம்பவம் ஒரு பள்ளி விடுமுறைப் பயணம், 1901. கோரேகாவில் காசாளராக இருந்த அப்பாவிடம் பிள்ளைகள் போகிறார்கள். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, ரயில். இறங்கிய இடத்தில் மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லை. பணம் எண்ணுகிற வேலையில் நானும் இருப்பதால் அந்தக் காசாளர் அப்பாவைப் பலமுறை நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க அவரால் முடிந்தது. வழியில் ஒரு சொம்புத் தண்ணிக்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை.

இன்னொன்று 1934. அப்போது அவர் பாரிஸ்டர், வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்தவர். தோழர்கள் முப்பது பேர் போலச் சேர்ந்து எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சுற்றுலாதான், வேறொன்றுமில்லை. வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தைக் கோட்டைக்கு வெளியே இருந்த குளத்தில் கழுவிக்கொள்கிறார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூச்சல் எழுகிறது. கடைசியில் உள்ளே போக அனுமதி கிடைக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவன் கூடவே வருகிறான். கோட்டையைப் பார்க்க வந்தவரை ஒரு சிப்பாய் பார்த்துக்கொண்டே வந்தான். மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து ஏழு வருசம் கழித்து நடந்தது இது.

நாம் மகத்தைக் கொண்டாடுகிறோம், தௌலதாபாத்தை அதிகம் பேசுவதில்லை. மகத்தில் அவர் போராடப் போனார். தௌலதாபாத்தில் ஊர் பார்க்கப் போனார். ஊர் பார்க்கப் போனவருக்கு நடந்ததும் அதே தண்ணீர்ப் பிரச்சினைதான். ஆகவே ஊர் பார்க்கப் போவதும் போராட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூயார்க் ஹார்லெமில் குடியிருந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் 1936-இல் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். கறுப்பர்கள் பயணம் போனால் எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும், எந்தக் கடை சாப்பாடு போடும், யார் வீட்டில் தங்கலாம் என்ற பட்டியல். அதைப் பச்சைப் புத்தகம் என்பார்கள். அறுபதுகளின் நடுப்பகுதிவரை வந்தது. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து, விடுதிகள் நிறம் பார்த்து மறுக்கக் கூடாது என்றானபின் அதன் தேவை முடிந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கையை அந்தப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

நம்மிடம் அச்சடித்த பச்சைப் புத்தகம் கிடையாது, வாய்மொழிப் புத்தகம் உண்டு. 'அந்த ஊர்ல எறங்குனா முக்குல டீ குடிக்காத, பாய் கடைக்குப் போ. இருட்டிட்டுன்னா இன்னார் வீட்ல தங்கு. அந்தச் சத்திரத்துப் பக்கம் ஏறாத.' இதை ஒவ்வொரு சேரியிலும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் ஊர்களில் சாதிக்கொரு மடம், சாதிக்கொரு சத்திரம் என்று கட்டிவைத்திருப்பதையும் இந்தப் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவரவர்க்கு இறங்க ஒரு வாசல் இருக்கிறது. நமக்கு?

நமது சட்டத்தில் எழுத்து இல்லாமலில்லை. அரசியல் சட்டம் 15-ஆவது பிரிவின் 2-ஆம் உட்பிரிவு கடை, உணவுவிடுதி, தங்கும் விடுதி என்று தனித்தனியே சொல்கிறது. கிணறு, குளம், குளிக்கும் துறை என்றும் சொல்கிறது. குளிக்கும் துறையை அரசியல் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டிய நாடு இது.

தென்காசி வட்டாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் எல்லாம் 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டார். சில மைல் இந்தப் பக்கம் சென்னை மாகாணம். இங்கே 1939 சட்டம் கோயிலைத் திறந்துவிட்டவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நுழைவதை நமது உரிமையாக்கிய சட்டம் 1947-இல்தான் வந்தது. அதே மலை, அதே சாரல். நடுவில் ஒரு எல்லைக்கோடு, அந்தப் பக்கம் ஒரு சாமி, இந்தப் பக்கம் ஒரு சாமி. தீட்டு மலையிலிருந்து வரவில்லை, கச்சேரியிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதே வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான நம் சனங்கள் இசுலாத்துக்குப் போனார்கள். ஊர் ரஹ்மத் நகர் ஆனது. டெல்லிவரை அதிர்ந்தது. அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார்ந்து டீ குடிக்கிற பெஞ்சும், பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாயும்தான். 2022 செப்டம்பரில் இதே மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நம் பிள்ளைகளுக்கு மிட்டாய் தரமாட்டேன், ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்னதை நாடே காணொளியில் பார்த்தது. மிட்டாயும் அருவியும் ஒன்றுதான். இரண்டும் பசிக்கு அல்ல, சந்தோசத்துக்கு. சோற்றைத் தடுத்தால் பாவம் என்பவர்கூடச் சந்தோசத்தைத் தடுத்தால் பெரிதாக நினைப்பதில்லை.

மறுநாள் விடியக்காலம் பேரருவிக்குப் போனோம். பொங்குமாங்கடலில் விழுந்து உடைந்து வருகிற தண்ணீர். தலையில் விழுந்த முதல் அடியில் எனக்கு மூச்சு நின்று வந்தது. அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறோம். என் தலையில் விழுந்த தண்ணி பக்கத்தில் நிற்பவன் காலில் ஓடுகிறது. யாரும் ஊர் கேட்கவில்லை. தண்ணிக்குச் சாதி இல்லை என்று கவிதை எழுதத் தோன்றியது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு ஒரு விசயம் சொன்னாள். அதற்கப்புறம் அந்தக் கவிதை எழுதவில்லை.

பெண்கள் பக்கம் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவரோடு அவள் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். ஒப்பந்த வேலை. சீசன் முழுவதும் லீவு கிடையாது. எண்ணெய், ஷாம்பு, சோப்பு எல்லாம் அருவியில் தடை. ஆனாலும் ஷாம்புத் தாளும் கிழிந்த துணியும் பிள்ளைகளின் நாப்கினும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அள்ளுவது அந்தக் கைகள்தான்.

"நீங்க குளிப்பியளாக்கா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

"எங்கன தாயி? சீசன்ல நமக்கு நேரங் கெடையாது. நேரங் கெடைக்கும்போது தண்ணி வத்திப் போவும்."

தோழர்களே, எனக்கு மூன்று நாளில் கிடைத்த அரசியல் பாடம் இதுதான். குற்றாலத்தைத் தமிழில் எவ்வளவோ பாடியாயிற்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியைக்கொண்டே இந்த மலையின் பெருமையைப் பேசவைத்தார். கம்பெனி வெள்ளைக்காரர்கள் இங்கே ஓய்வெடுக்க வந்தார்கள், ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்தார், ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். குளித்தவர்களின் சுகத்தை நிறையப் படித்திருக்கிறோம். குளிக்க நேரமில்லாதவரின் வாக்கியம் ஒன்று இப்போதுதான் என் காதில் விழுந்தது. பார்சிலோனாவும் அப்படித்தான். என் சக ஊழியர் கால்நீட்டிய கடற்கரையில் ஒரு பகுதிக்கு சோமோரோஸ்த்ரோ என்று பெயர். அங்கே நாடோடி இனத்தவரும் கூலிகளும் குடிசை போட்டிருந்தார்கள். பிளமெங்கோ ஆட்டக்காரி கார்மென் அமயா அந்தக் குடிசைகளில் பிறந்தவர்தான். 1966-இல் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். 1992 ஒலிம்பிக்கை ஒட்டி அந்தப் பக்கமெல்லாம் உல்லாசக் கடற்கரையானது. ஆட்டத்துக்குக் கைதட்டுவார்கள், ஆடியவளின் குடிசையை இடிப்பார்கள். குறவஞ்சியைப் பாடமாக வைப்பார்கள், குறவர்களைக் குற்றப் பரம்பரை என்று ரேகை உருட்டுவார்கள்.

ஓய்வு சும்மா வந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு 1890-இல் ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தவர் பூலேயின் சத்தியசோதகத் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே. சம்பளத்தோடு வருசாந்திர விடுமுறை என்பதைத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1945 திருத்தம் கொண்டுவந்தது. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தௌலதாபாத்தில் சிப்பாய் காவலோடு ஊர் பார்த்தவர், இந்தியத் தொழிலாளிக்கு விடுமுறையைச் சட்டமாக்கும் இடத்தில் இருந்தார். 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 24-ஆவது பிரிவில் ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் மனித உரிமை என்றது. ஆகவே தோழர் கேட்ட கணக்குக்கு என் பதில் இது: விடுமுறை நம் இயக்கத்துக்கு அந்நியமான சரக்கு அல்ல. நம் தலைவர் கைபட்ட சட்டம்.

ஆனால் அது என்னோடு நின்றுவிட்டால் தோழரின் சிரிப்புதான் சரி. எனக்கு எல்.எஃப்.சி., அந்த அக்காவுக்கு வற்றிய அருவி என்றால் நான் அந்த அதிகாரியின் சின்னப் பிரதி, அவ்வளவுதான். அதனால் மூன்று விசயங்களை இயக்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று. சீசன் வேலையில் இருக்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு, சீசன் நடக்கும்போதே, சம்பளத்தோடு வார விடுமுறை வேண்டும். தண்ணி விழும்போது. வற்றிய பிறகு அல்ல. இதை நமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இரண்டு. விடுதியில் "ஊர்ல எந்தப் பக்கம்" என்று கேட்டால் அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்க வேண்டும்: "எதுக்குக் கேக்கீங்க?" தனியாக வருகிற ஒருவனால் இது முடியாது, அவனுக்கு இருப்பது மூன்று நாள். அமைப்பு கேட்க வேண்டும். போகிற இடத்தில் மறுக்கப்பட்டவர்கள் எழுதி அனுப்பட்டும், நாம் குறித்துவைப்போம். ஒருநாள் வேண்டாததாகப் போகட்டும் என்றே ஒரு பச்சைப் புத்தகம் போடுவோம்.

மூன்று. மாநாட்டுக்கு வேன் பிடிக்கிறோம். ஆர்ப்பாட்டத்துக்கு வேன் பிடிக்கிறோம். வருசத்தில் ஒருநாள் சீசனுக்கும் ஒரு வேன் பிடிப்போம். இரவுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவோம், களையெடுக்கும் பெண்களை ஏற்றுவோம். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். குளிக்கட்டும், மங்குஸ்தான் வாங்கித் தின்னட்டும், நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வீடு திரும்பட்டும்.

அந்த முதல் விடுதியைப் பற்றி நான் புகார் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்று இன்னமும் யோசிக்கிறேன். எழுதாதது சரி என்று வாதாட மாட்டேன். ஆனால் என் மனைவி காப்பாற்றிக் கொடுத்த இரண்டு நாளை நான் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் ராத்திரி செங்கோட்டை பார்டரில் பரோட்டா தின்றுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அடுத்த ஆடிக்கு உன்னைக் கூட்டிட்டு வாரேன் என்றேன். "எனக்கென்னத்துக்குய்யா? நடவு இருக்கும்லா" என்றாள். ஒருநாள் லீவு போடும்மா என்றேன். லீவு என்ற சொல்லைத் தனக்காக அவள் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "தண்ணி ரொம்பக் குளிருமோ?"